கார்டியாலஜிஸ்ட்டா, ஹார்ட் சர்ஜனா: யாருக்கு வருமானம் அதிகம்?

கேள்வி கேட்டவர் ஒரு தந்தை. மகள் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு படிக்கிறாள், படித்தால் இதயத் துறைதான் என்று உறுதியாக இருக்கிறாள். மருந்தும், அடைபட்ட குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட்டுமாக வைத்தியம் பார்க்கிற கார்டியாலஜிஸ்ட்டுக்கு வருமானம் அதிகமா, நெஞ்சைத் திறக்கிற சர்ஜனுக்கு அதிகமா என்று கேட்கிறார். சொந்தபந்தம் எல்லாம் "சர்ஜன்தான் கோடி கோடியாக வாங்குவார்" என்று சொல்கிறதாம்.

ஐயா, நான் இந்த இருவரில் ஒருவன் இல்லை. இதய அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவன். காலையில் ஓ.டி.யில், அதாவது அறுவை அரங்கில், நோயாளியின் தலைமாட்டில் நிற்பேன். மதியம் ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம் நடக்கிற கேத் லேபிலிருந்து கூப்பிட்டால் அங்கே ஓடுவேன். இருபது வருடமாக இரண்டு பக்கத்துக் காசையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் பங்காளிச் சண்டை ஏதும் கிடையாது. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், படிப்பு முடிந்த முதல் பத்து ஆண்டுக்குக் கார்டியாலஜிஸ்ட்தான் முன்னால் போவார். அதன் பிறகு தாக்குப்பிடித்து நிற்கிற சில சர்ஜன்கள் அவரை எட்டிப் பிடிப்பார்கள், சிலர் தாண்டியும் போவார்கள். அமெரிக்காவில் சர்ஜனுக்கே அதிகம். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் இருவருக்கும் ஒரே சம்பளம். இதயம் எல்லா ஊரிலும் ஒரே இதயம்தான், ஆனாலும் மூன்று நாட்டில் மூன்று பதில். அறுவை எவ்வளவு கடினம் என்பதைவிட, நோயாளி முதலில் யார் வாசலில் வந்து நிற்கிறார், பில்லை யார் கட்டுகிறார் என்ற இரண்டும்தான் இதைத் தீர்மானிக்கின்றன.

நம் ஊர்க் கதையை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம். பக்கத்துத் தெரு டாக்டர் இ.சி.ஜி. பார்த்துவிட்டு, "எதற்கும் ஒரு ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்டைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுக்கிறார். எழுதுவது கார்டியாலஜிஸ்ட்டின் பெயரைத்தான். அங்கே ஆலோசனைக் கட்டணம், எக்கோ, டிரெட்மில், சந்தேகம் வந்தால் இதயக் குழாய்களைப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராம். இதுவரைக்கும் சர்ஜன் என்று ஒருவர் இருப்பதே நோயாளிக்குத் தெரியாது. ஆஞ்சியோ படம் ஓடும்போதுதான் மருந்து போதுமா, ஸ்டென்ட்டா, அடைப்பைத் தாண்டி வேறு குழாய் தைக்கும் பைபாஸா என்று முடிவாகிறது. முடிவைச் சொல்பவரும் அதே கார்டியாலஜிஸ்ட்தான். பைபாஸ் என்று ஆனால் மட்டுமே சர்ஜனின் கைபேசி அடிக்கும்.

பைபாஸ் முடிந்து ஆறு வாரம் கழித்து அந்த நோயாளி எங்கே போகிறார் தெரியுமா? திரும்பவும் கார்டியாலஜிஸ்ட்டிடம். ரத்த அழுத்தம், கொழுப்பு, மாத்திரை என்று ஆயுள் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சர்ஜனுக்கு ஒரு நாள் வேலை, ஒரு தடவைக் கட்டணம். கார்டியாலஜிஸ்ட்டுக்கு அது ஒரு கணக்குப் புத்தகம், பக்கம் புரண்டுகொண்டே இருக்கும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ரெனே ஃபவலோரோ காலிலிருந்து எடுத்த சிரையை வைத்து பைபாஸ் செய்யத் தொடங்கியபோது, அடைபட்ட இதயக் குழாய்க்கு மருந்தை விட்டால் வேறு வழி அதுதான். சர்ஜன் ராஜாவாக இருந்த காலம் அது. இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-ல் நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் நடந்தது, செய்தவர் கே.எம். செரியன். இரண்டே வருடத்தில், 1977-ல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்பவர், நோயாளி விழித்திருக்கும்போதே, ஒரு சின்ன பலூனை இதயக் குழாய்க்குள் ஊதி அடைப்பைத் திறந்துவிட்டார். அதுவும் 1986-ல் சென்னைக்கு வந்துவிட்டது, கொண்டுவந்தவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். பெரம்பூர் பைபாஸுக்கும் சென்னையின் முதல் பலூனுக்கும் நடுவே வெறும் பதினோரு வருடம். அதுவரை நோயைக் கண்டுபிடித்து சர்ஜனிடம் அனுப்பிக்கொண்டிருந்த கார்டியாலஜிஸ்ட், அன்றிலிருந்து தானே வைத்தியம் செய்து முடிக்கிறவராக ஆனார். வருமானத் தராசு சாய ஆரம்பித்தது அப்போதுதான்.

இன்னொரு விஷயம், வெளியே இருப்பவர்கள் கவனிக்காதது. கார்டியாலஜிஸ்ட் நினைத்தால் வீட்டு மாடியில் ஒரு கிளினிக் போட்டு, வங்கிக் கடனில் ஒரு எக்கோ மிஷின் வாங்கி, மாலை ஆறு மணிக்கு மேல் சொந்தமாக ஓ.பி., அதாவது வெளிநோயாளிகளைப் பார்க்கலாம். எந்த மருத்துவமனையோடு மனஸ்தாபம் வந்தாலும் சோறு கிடைக்கும். இதய சர்ஜனால் அது முடியாது. அவருக்கு அறுவையின்போது இதயம், நுரையீரல் வேலையைச் செய்கிற ஹார்ட்-லங் மிஷின் வேண்டும், அதை ஓட்ட பெர்ஃப்யூஷனிஸ்ட் வேண்டும், ரத்த வங்கி, ஐ.சி.யு., இரவெல்லாம் கண்விழிக்கிற நர்ஸ்கள், என்னைப் போல ஒரு மயக்க மருந்துக்காரர், எல்லாம் வேண்டும். தனியாளாக இருந்தால் அவர் பேனா இல்லாத எழுத்தாளர். ஆகவே நிர்வாகத்தோடு சம்பளம் பேச உட்காரும்போது, "சரி, நான் கிளம்புகிறேன்" என்று சொல்கிற பலம் கார்டியாலஜிஸ்ட்டுக்கு உண்டு, சர்ஜனுக்குக் குறைவு. கிளம்பும்போது கார்டியாலஜிஸ்ட் தன் நோயாளிகளையும் கூட்டிக்கொண்டு போவார் என்பது நிர்வாகத்துக்கும் தெரியும்.

நேரக் கணக்கும் பாருங்கள். ஒரு சாதாரண பைபாஸ் நான்கைந்து மணி நேரம். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சிக்கலில்லாத ஸ்டென்ட் முக்கால் மணி நேரத்தில் முடியும். நடுவே ஆஞ்சியோகிராம்கள், ஒரு பேஸ்மேக்கர், அப்புறம் ஓ.பி. பேக்கேஜ் தொகையில் பைபாஸ் பெரியதாகத் தெரியும், உண்மைதான். ஆனால் அந்தத் தொகையில் ஐ.சி.யு., ரத்தம், மருந்து, ஓ.டி. வாடகை, உதவி சர்ஜன், நான், பெர்ஃப்யூஷனிஸ்ட் என்று ஆளாளுக்குப் பிய்த்தெடுத்த பிறகுதான் தலைமை சர்ஜனின் பங்கு. "பில் மூன்று லட்சம், எனக்கு அதில் எவ்வளவு தெரியுமா?" என்று ஒரு சர்ஜன் உடை மாற்றும் அறையில் என்னிடம் கேட்டுச் சிரித்ததுண்டு. பதிலை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் வந்தது. இப்போது அதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தனியார் மருத்துவமனைகளில் இதய அறுவைகளில் நல்ல பங்கு இந்தத் திட்டத்தில்தான் நடக்கிறது. அரசு நிர்ணயித்த தொகைதான் வரும், அதற்குள்தான் எல்லோருக்கும் பங்கு. கை நிறைய கேஸ் இருக்கும், ஒவ்வொன்றிலும் சில்லறை குறைவாக இருக்கும். திட்டத்தில் ஸ்டென்ட்டும் உண்டுதான். ஆனால் கார்டியாலஜிஸ்ட்டுக்குக் காசு கொடுத்து வருகிற ஓ.பி. தனியாக இருப்பதால் அடி குறைவு.

ஸ்டென்ட் விலையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் "கார்டியாலஜிஸ்ட்டுக்கு ஸ்டென்ட்டில்தான் காசு" என்று பேசுவோர் உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் ஒரு லட்சத்துக்கு மேல் பில் போட்ட காலம் உண்டு. கொள்ளை லாபம் யாருக்குப் போனது என்றால், பெரும்பகுதி விநியோகஸ்தருக்கும் மருத்துவமனைக்கும். உச்சவரம்பு வந்த பிறகு கார்டியாலஜிஸ்ட்டுகள் யாரும் தெருவுக்கு வந்துவிடவில்லை. அவர்கள் வருமானத்தின் ஆணிவேர் ஓ.பி.யும் செயல்முறைக் கட்டணமும்தான் என்று அதிலேயே தெரிந்தது.

சரி, ரூபாயில் சொல்லுங்கள் என்பீர்கள். நான் அறிந்த பேச்சுவார்த்தைகளை வைத்துத் தோராயமாகச் சொல்கிறேன். டி.எம். என்ற கார்டியாலஜி மேற்படிப்பை முடித்த கையோடு வருகிற கார்டியாலஜிஸ்ட்டுக்குச் சென்னையின் பெரிய மருத்துவமனையில் மாதம் இரண்டரை, மூன்று லட்சத்தில் பேச்சு தொடங்கும். அதே ஆள் புதிதாகக் கேத் லேப் திறந்திருக்கும் மாவட்டத் தலைநகர் ஒன்றுக்குப் போனால் நான்கு, ஐந்து என்று ஏறும். மருத்துவத்தில் இது ஒரு வேடிக்கை, ஊர் சின்னதாக ஆக ஆகச் சம்பளம் கூடும். எம்.சிஎச். என்ற இதய அறுவை மேற்படிப்பை முடித்த சர்ஜனுக்கு ஆரம்பத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டு லட்சம், அதுவும் மூத்த சர்ஜன் ஒருவரின் கீழ். சின்ன ஊருக்குப் போய்ச் சம்பாதிக்கும் வழியும் அவருக்கு லேசில் கிடையாது, கேத் லேப் உள்ள ஊர்களில் எல்லாம் இதய அறுவை அரங்கம் இருப்பதில்லை. பதினைந்து வருடம் கழித்து ஒரு யூனிட்டின் தலைவராகிவிட்ட சர்ஜன் மாதம் பத்து லட்சத்தைத் தாண்டலாம், சிலர் அதற்கும் மிக மேலே. அந்த நாற்காலிகள் ஊருக்கு நாலைந்து. கார்டியாலஜிஸ்ட்டுகளில் அதே தொகையைத் தொடுபவர்கள் எண்ணிக்கையில் பல மடங்கு.

உங்கள் சொந்தக்காரர்கள் சொல்கிற கோடிக்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. அவர்கள் பார்ப்பது உச்சியில் இருக்கிற சர்ஜனை. நாராயணா மருத்துவமனைகளைத் தொடங்கிய தேவி ஷெட்டியும் மெதாந்தாவைத் தொடங்கிய நரேஷ் டிரேஹனும் இதய சர்ஜன்கள்தான். நாராயணா நிறுவனம் 2016-லும், மெதாந்தாவை நடத்தும் நிறுவனம் 2022-லும் பங்குச் சந்தைக்கு வந்தன. ஆனால் அது முதலாளியின் செல்வம், மருத்துவரின் சம்பளக் கணக்கில் சேராது. அப்படிப் பார்த்தால் 1983-ல் சென்னையில் அப்போலோவைத் தொடங்கிய பிரதாப் ரெட்டி கார்டியாலஜிஸ்ட்.

இன்னொன்று, தனியாரில் "சம்பளம்" என்று சொல்வது பெரும்பாலும் சம்பளமே இல்லை. மருத்துவர் தொழில்முறை ஆலோசகராகக் கையெழுத்திடுவார், 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். பி.எஃப். கிடையாது, சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. இரண்டு வருடத்துக்கு மினிமம் கியாரண்டி என்று ஒரு தொகை. அதற்கப்புறம் நீங்கள் கொண்டுவரும் கேஸ்களில் பங்கு. இந்த இடத்தில்தான் சர்ஜனுக்கு வயிற்றில் புளி கரைக்கும். கியாரண்டி முடிந்த பிறகு அவர் வருமானம் கார்டியாலஜிஸ்ட் எத்தனை பேரை அனுப்புகிறார் என்பதைப் பொறுத்தது. எனக்குத் தெரிந்த ஒரு சர்ஜன், கை அவ்வளவு சுத்தம், தையல் போட்டால் ஓவியம் மாதிரி இருக்கும். அந்த மருத்துவமனையின் மூத்த கார்டியாலஜிஸ்ட்டோடு வாய்த் தகராறு ஆனது. ஆறு மாதம் காலையில் வந்து பேப்பர் படித்துவிட்டுப் போனார். பிறகு வேறு ஊர் போனார், இப்போது நன்றாக இருக்கிறார்.

அரசு வேலையில் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ்நாடு அரசில் உதவி மருத்துவராகச் சேர்பவரின் அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்கும், பிறகு பதவிக்கும் பணிமூப்புக்கும் ஏற்ப ஏறும். கார்டியாலஜியில் உதவிப் பேராசிரியரானாலும் இதய அறுவையில் ஆனாலும் ஒரே ஏணிதான். டெல்லி எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனங்களில் உதவிப் பேராசிரியருக்கு அடிப்படை 1,01,500 ரூபாயிலிருந்து. வெளியே பிராக்டிஸ் செய்யக் கூடாது, அதற்கு ஈடாக அடிப்படையில் 20 சதவீதம் படி. மாநில அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே கிளினிக் நடத்தலாம். அங்கே மறுபடியும் கார்டியாலஜிஸ்ட் கைதான் ஓங்கும், மாலையில் திறக்க அவருக்கு ஒரு கடை இருக்கிறது.

இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸும் இதே மாதிரிதான். 2024-25-ல் இங்கிலாந்தில் கன்சல்டன்ட் எனும் மூத்த மருத்துவரின் அடிப்படைச் சம்பளம் 1,05,504 பவுண்டிலிருந்து 1,39,882 பவுண்டு வரை. தோல் மருத்துவரானாலும் இதய சர்ஜனானாலும் அதே அட்டவணை. கூடுதல் ஷிஃப்ட், இரவு அழைப்பு, வார இறுதியில் தனியார் வேலை என்று வித்தியாசம் வரும், அடிப்படையில் வராது.

அமெரிக்கா வேறு உலகம். டாக்ஸிமிட்டி என்ற நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்கில் இதயம், நுரையீரல் அறுவை செய்பவர்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 7.2 லட்சம் டாலர். கார்டியாலஜிஸ்ட்டுகளுக்குச் சுமார் 5.65 லட்சம். அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் ஒவ்வொரு செயலுக்கும் வேலைப் புள்ளி போட்டு வைத்திருக்கிறது. 2024 அட்டவணையில் தமனியை வைத்துச் செய்யும் ஒற்றைக் குழாய் பைபாஸுக்குச் சுமார் 34 புள்ளி, ஒரு ஸ்டென்ட்டுக்குச் சுமார் 11. பைபாஸ் புள்ளியில் அடுத்த 90 நாள் கவனிப்பும் அடங்கும் என்பதால் அது அப்படியே மூன்று மடங்கு லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் யார் அனுப்பினார், யாரோடு சண்டை என்பதைவிட அங்கே புள்ளி பேசும். ஆள் குறைவு என்பதும் ஒரு காரணம். ஸ்டென்ட் அலை அடித்து, 2000-களின் நடுவில் அங்கே இதய அறுவைப் பயிற்சி இடங்கள் ஆளில்லாமல் காலியாகக் கிடந்தன. "இந்தத் துறை செத்துவிட்டது" என்று எல்லோரும் ஓடினார்கள். ஓடாமல் நின்றவர்களுக்கு இன்று கிராக்கி.

இதே கதை இங்கேயும் திரும்பலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. டி.எம்., எம்.சிஎச். இடங்களுக்கான நீட் எஸ்.எஸ். கலந்தாய்வில் கார்டியாலஜி இடங்கள் முதல் சுற்றுகளிலேயே பறந்துவிடும். இதய அறுவை இடங்கள் ஆண்டுதோறும் காலியாக நிற்கும். அதே சமயம் நம் மக்களுக்குச் சர்க்கரை நோய் கொஞ்சமா நஞ்சமா? சர்க்கரையோடு பல குழாய்களில் அடைப்பு இருப்பவர்களுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸே நல்லது என்று 2012-ல் வந்த ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. நோயாளி இருக்கிறார், சர்ஜன் குறைகிறார். விலை ஒரு நாள் ஏறித்தானே ஆக வேண்டும்? ஆனால் இதை நம்பி மகளின் முப்பதுகளைப் பணயம் வையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எதிர்ப்பக்கத்திலும் ஒரு காற்று வீசுகிறது. நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாக வால்வு வைக்கும் முறையை 2002-ல் பிரான்ஸில் அலென் கிரிபியே செய்து காட்டினார். வால்வு அறுவை சர்ஜனின் கடைசிக் கோட்டை என்று நினைத்திருந்தோம், அதற்குள்ளும் கார்டியாலஜிஸ்ட் குழாயோடு நுழைந்துவிட்டார்.

இதில் மெடிகேர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். இந்த வால்வு சிகிச்சைக்குக் கார்டியாலஜிஸ்ட், சர்ஜன் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று விதி வைத்து, கட்டணத்தை 62.5 சதவீதம் வீதம் இருவருக்கும் கொடுக்கிறது. கூட்டினால் 125 வரும், தப்பில்லை, இரண்டு பேர் வேலைக்கு அப்படித்தான் அங்கே கணக்கு. பெரும்பாலான நம் மருத்துவமனைகளில் சர்ஜன் "ஸ்டாண்ட்-பை" என்ற பெயரில் சுவரோரமாக நிற்பார். ஸ்டாண்ட்-பைக்கு என்ன கிடைக்கும் என்பதை நிர்வாகம் அன்றைய மனநிலையைப் பொறுத்து முடிவு செய்யும்.

படிக்கும் காலத்தில் வித்தியாசம் இல்லை என்று காகிதம் சொல்லும். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், பிறகு எம்.டி.யோ எம்.எஸ்.ஸோ மூன்று, அதன் பிறகு டி.எம். கார்டியாலஜி அல்லது எம்.சிஎச். மூன்று. ஓரிடத்திலும் தடங்கல் இல்லாமல் போனால் முப்பது வயதில் இருவரும் வெளியே வருவார்கள். ஆனால் டி.எம். முடித்தவர் மறுநாளே தனியாக ஆஞ்சியோ செய்வார், ஓரிரு வருடத்தில் நடுராத்திரி மாரடைப்புக்குத் தனியாக ஸ்டென்ட் வைப்பார். எம்.சிஎச். முடித்தவர் நெஞ்சைத் திறப்பார், மூடுவார், காலிலிருந்து சிரை எடுப்பார். இதயத்தில் தைக்கும் அந்த நடு ஒரு மணி நேரம் மூத்தவருடையது. அது கைக்கு வர இன்னும் ஐந்து, ஏழு வருடம். இருவர் வருமானத்துக்கும் நடுவில் விழும் இடைவெளி பெரும்பாலும் இந்த வருடங்களில்தான். மகள் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், கல்யாணம், குழந்தை என்று வீடு எதிர்பார்ப்பதும் அதே வருடங்களில்தான் வந்து நிற்கும். எங்கள் ஓ.டி.யில் பெண் சர்ஜன்கள் உண்டு, அருமையானவர்கள், விரல் விட்டு எண்ணலாம். கார்டியாலஜியும் பஞ்சு மெத்தை இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஓடும் வாழ்க்கை, வருடக்கணக்காக ஈய அங்கி சுமந்து நாற்பதிலேயே முதுகுவலி, தினமும் கதிர்வீச்சு.

நடைமுறையில் உங்கள் மகள் இப்போது எடுக்கப் போகும் முடிவு இதயத்தைப் பற்றியதே இல்லை. நீட் பி.ஜி.யில் ஜெனரல் மெடிசினா, ஜெனரல் சர்ஜரியா என்பதுதான். மெடிசின் எடுத்தால் மூன்று வருடம் கழித்துக் கார்டியாலஜிக்குக் கடும் போட்டி. கிடைக்காவிட்டால் சிறுநீரகம், நரம்பியல், குடல் என்று வேறு கதவுகள் உண்டு. சர்ஜரி எடுத்தால் இதய அறுவை இடம் ஏறக்குறைய உறுதி, பிடிக்காமல் போனால் யூராலஜியோ பிளாஸ்டிக் சர்ஜரியோ பக்கம் திரும்பலாம். அதற்கு முன்னால் ஹவுஸ் சர்ஜன் வருடம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு முழு இரவைக் கேத் லேபிலும், ஒரு முழுப் பகலை இதய ஓ.டி.யிலும் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஓ.டி.யில் எட்டு மணி நேரம் கழித்து உட்கார நாற்காலி தேடுகிறாளா, இல்லை அடுத்த கேஸ் எப்போது என்று கேட்கிறாளா என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவளிடமே கேளுங்கள்.